சனிக்கிழமைச் சம்பளம்

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் போன்ற ஊர்களில் பணப்புழக்கம் சனிக்கிழமையை வைத்துத்தான். பட்டாசு ஆலை வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போனதும் வாரச் சம்பளம் கைமாறத் தொடங்கிவிடும். அலுமினியப் பொடி படிந்து வெள்ளியாய் மினுங்கும் விரல்கள் நோட்டுகளைப் பிரித்து வைக்கும்: மளிகைக் கடைப் பற்று, சீட்டுக்காசு, குழுக்கடன் தவணை, பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் காராச்சேவு. கடையில் க்யூஆர் அட்டையும் தொங்குகிறதுதான். இளவட்டங்கள் ஜிபே பண்ணுகிறார்கள். ஆனால் கடைக்காரரின் உயிர் கல்லாப்பெட்டியில்தான் இருக்கிறது.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. காலையில் சரக்கு எடுத்து மாலையில் விற்கிற பெட்டிக்கடைக்கு, கைக்கு வந்த காசு அந்த நொடியே முதல். சிக்னல் போனாலும் வியாபாரம் நிற்காது. 2025 ஜூலையில் பெங்களூருவில் யுபிஐ வரவைக் கணக்கிட்டுச் சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தபோது, பலர் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கத்துக்குத் திரும்பினார்கள். வரியே இல்லாத பாலும் காய்கறியும் விற்றவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். அந்த அச்சத்தை நான் நியாயமாகவே பார்க்கிறேன்.

சிவகாசி வட்டாரத்துக்கு இன்னொரு வடுவும் உண்டு. பட்டாசு கடனில் ஓடும் தொழில். சரக்கு முதலில் வடக்கே போகும். பாக்கியின் பெரும்பகுதி தீபாவளி முடிந்துதான் வரும். 2016-இல் தீபாவளி அக்டோபர் 29. சரியாகப் பத்தாம் நாள், நவம்பர் 8 இரவில், 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. வசூல் நாட்களின் நடுவில் விழுந்த அடி அது. நோட்டையும் முழுதாக நம்ப முடியாது என்று அன்று தெரிந்தது. ஆனாலும் அப்போது நோட்டைத் தவிர வேறு எதுவும் பழக்கத்தில் இல்லை.

ரொக்கத்தின் பெரிய குறை கடையில் இல்லை, சம்பளத்தில் இருக்கிறது. பட்டாசுக்குத் திரி வைப்பது போன்ற வேலைகளுக்கு எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி. பதிவேட்டில் பெயர் ஏறாமல், உள்குத்தகைக்கு விடப்பட்ட அறைகளில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கூலியைத் தவிர வேலைக்கு வேறு அத்தாட்சியே கிடையாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிபட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். அப்படி ஒரு நாள் வரும்போது, இவர் இங்கேதான் வேலை பார்த்தார் என்று நிரூபிக்கும் பாரம் வீட்டில் இருப்பவர்கள் தலையில் விழுகிறது. இஎஸ்ஐ இல்லை, பிஎஃப் இல்லை, கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வாரந்தோறும் வங்கிக் கணக்கில் ஏறும் ஒரு வரி இருந்திருந்தால் அதுவே சாட்சி சொல்லியிருக்கும்.

வங்கியில் போட்டால் பெண்களுக்குச் சிரமம் என்பார்கள். ஏடிஎம் கார்டு புருஷன் சட்டைப்பையில் இருக்கும், சனிக்கிழமை மிஷினில் பணம் இருக்காது. இரண்டும் உண்மைதான். ஆனால் 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை மாதாமாதம் பெண்களின் சொந்தக் கணக்கில்தான் ஏறுகிறது. நூறு நாள் வேலைக் கூலியும் அப்படித்தான் வந்தது. எடுக்கவும் சேர்க்கவும் அவர்கள் பழகிவிட்டார்கள். கூலியை வங்கியில் செலுத்தலாம் என்று 2017-இலேயே சம்பளப் பட்டுவாடாச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. தடையாக நிற்பது தொழிலாளியின் பழக்கமல்ல. ஆள் கணக்கு வெளியே தெரியக்கூடாது என்கிற சில முதலாளிகளின் விருப்பம்.

பெட்டிக்கடையில் ரொக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். வெடிமருந்து அறையில் உயிரைப் பணயம் வைக்கிறவர்களின் கூலி மட்டும் வங்கி வழியாக வர வேண்டும். அதுவரை, தாய்மார்களே, நோட்டாக வாங்கினாலும் தேதியும் ஆலையின் பெயரும் எழுதிய சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள்.