ஊடலும் உப்பும்: வீரமாமுனிவர் விட்டுச்சென்ற பால்

நம் இல்லங்கள் பலவற்றில் திருக்குறள் நூலொன்று இருக்கும். பள்ளிப் பருவத்தில் பேச்சுப் போட்டிக்குப் பரிசாக வந்ததாகவோ, திருமணத்தில் அன்பளிப்பாகக் கிடைத்ததாகவோ அது இருக்கலாம். அதனைப் புரட்டிப் பார்த்தால் அறத்துப்பால் ஏடுகள் கைபட்டு மங்கியிருக்கும். காமத்துப்பால் ஏடுகளோ அச்சகத்திலிருந்து வந்த நாளின் புதுமை குன்றாதிருக்கும். இத்தயக்கத்தில் நாம் தனித்து நிற்கவில்லை. தமிழுக்குப் பெருந்தொண்டு புரிந்த வீரமாமுனிவர் 1730-ஆம் ஆண்டு திருக்குறளை இலத்தீனில் பெயர்த்தபோது, அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டுமே பெயர்த்தார். மூன்றாம் பாலை விட்டுவிட்டார். 1886-இல் ஜி. யு. போப் ஐயரின் ஆங்கிலப் பெயர்ப்பு முப்பாலையும் கொண்டு வெளிவந்தது. துறவியார் ஒருவர் விட்டதற்குக் காரணம் இருக்கலாம். இல்லறத்தார் ஆகிய நாமும் அதனை விட்டுவிடலாமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

முதலில் நூலின் அமைப்பை நோக்குவோம். காமத்துப்பாலில் உள்ளவை 25 அதிகாரங்கள். பரிமேலழகர் பகுப்பின்படி, இருவரும் கண்டு காதல் கொள்ளும் களவியலுக்கு 7 அதிகாரங்கள்; மணந்தபின் வாழும் கற்பியலுக்கு 18 அதிகாரங்கள். அதாவது 250 குறட்பாக்களில் 180 திருமணத்திற்குப் பிற்பட்ட காதலைப் பாடுகின்றன. நம் காலத்துத் திரைப்படங்களும் தொடர்கதைகளும் எந்த இடத்தில் திரையை இறக்குகின்றனவோ, அந்த இடத்தில்தான் வள்ளுவர் விளக்கேற்றுகிறார். காதல் கைகூடுவது அவருக்கு முடிவன்று, தொடக்கம்.

அந்த 18 அதிகாரங்களில் பெரும்பகுதி பிரிவைப் பற்றியது. திண்டுக்கல் சமவெளியின் மானாவாரிச் சிற்றூர்களை அறிந்தவர்க்கு இது பழங்கதையாகத் தோன்றாது. மழை பொய்த்தால் திருப்பூருக்கும், கேரளத்திற்கும், வளைகுடா நாடுகளுக்கும் செல்லும் கணவர்கள் இங்கு உண்டு. வள்ளுவர் காட்டும் தலைவிக்குச் செய்தி வர வழியில்லை. நமக்குச் செல்பேசி இருக்கிறது, நாள்தோறும் பேசுகிறோம். ஆயினும் அப்பேச்சு கடன் தவணையிலும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவதில்லையா? துணைவரின் சொல்லில் மறைந்து நிற்கும் குறிப்பை உணர்வதற்கென்றே ‘குறிப்பறிவுறுத்தல்’ என்றோர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். செய்தி பெருகிவிட்ட இந்நாளில் குறிப்பறியும் கலை தேய்ந்துவருவதை அவ்வதிகாரம் நமக்கு உணர்த்துகிறது.

இனி, இறுதி மூன்று அதிகாரங்கள்: புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. அறத்தில் தொடங்கிய பெருநூல் கணவன் மனைவியின் சிறு பிணக்கில் முடிவது வியப்பன்றோ? பிணக்கே இல்லாத இல்லறத்தை வள்ளுவர் கனவு காணவில்லை. ஊடல் உணவிலிடும் உப்புப் போன்றது என்கிறார். சற்று மிகுந்தாலும் சுவை கெடும். பிணங்கியவரை ஆற்றாமல் விடுவதை, வாடிய கொடியை அடியோடு அரிவதற்கு ஒப்பிடுகிறார். ஊடலில் தோற்றவரே வென்றவர் என்றும் கூறுகிறார். இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கையில் ஒரு தெளிவு பிறக்கிறது: அன்பு தானே நிலைத்து நிற்பதில்லை. அளவறிந்து பிணங்கவும், காலமறிந்து ஆற்றவும், மனமுவந்து தோற்கவும் பழகியவரிடமே அது நிலைக்கிறது. இவை பயிற்சியால் வருவன.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட அமோரிஸ் லெத்தீசியா என்னும் திருத்தூது ஊக்கவுரையில், குடும்பத்தில் சமாதானம் செய்துகொள்ளாமல் ஒரு நாளும் முடிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தயவு கூர்ந்து, நன்றி, மன்னிக்கவும் என்னும் மூன்று சொற்களை இல்லங்களில் தாராளமாக வழங்குமாறும் வேண்டினார். வள்ளுவரின் உப்பளவும் திருத்தந்தையின் மாலைப் பொழுதும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள் எனலாம். சின்னாளபட்டியில் கைத்தறி நெய்வோரைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, அதனை முடிந்துவிட்டே மேலே நெய்கிறார். முடியாமல் நெய்தால் அப்பழுது துணி நெடுகத் தொடரும். அறுவது குறையன்று, கண்டும் நெய்துகொண்டே போவதுதான் குறை.

மூன்றாம் பாலை விட்ட வீரமாமுனிவர் இவ்வுண்மையை அறியாதவரா? அல்லர். 1726-இல் அவர் இயற்றிய தேம்பாவணி, 3615 பாடல்களில் புனித சூசையப்பரின் வரலாற்றைக் கூறுவது. ‘வளன்’ என்று அவர் இட்ட தமிழ்ப்பெயரே இன்று திண்டுக்கல் புனித வளனார் பேராலயத்தின் பெயரிலும் ஒலிக்கிறது. அக்காப்பியத்தில் திருமணத்தைப் பாடிய சில படலங்களுக்குள்ளேயே ‘ஐயந்தோற்று படலம்’ வருகிறது. அடுத்து ‘ஐயநீங்கு படலம்’. தூயோர் இருவரின் இல்லத்திலும் ஐயம் புகும் என்பதை மறைக்காமல், அதற்கென ஒரு படலத்தையே ஒதுக்கினார் முனிவர். மத்தேயு நற்செய்தி காட்டும் சூசையப்பர், கலங்கிய பொழுதிலும் மரியாவை இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பவில்லை. உள்ளம் புண்பட்ட நேரத்திலும் துணைவரின் மதிப்பைக் காப்பது எவ்வளவு பெரிய முயற்சி! மொழிபெயர்ப்பில் முனிவர் விட்ட பொருளின் ஒரு கூறு, காப்பியத்தில் வேறு வடிவில் திரும்பி வந்தது என்பது நம் கருத்து. கன்னிமை காத்த அத்திருமணம் காமத்துப்பாலின் இல்லறத்திற்கு நேர் ஒப்பன்று. எனினும் ஐயமும் அதன் தெளிவும் இரண்டிற்கும் பொது.

குறையொன்றையும் சொல்லியாக வேண்டும். கற்பியலில் பெரும்பாலும் வருந்துபவள் பெண், காத்திருப்பவளும் அவளே. ஆணின் ஒழுக்கப் பிழையைக் கூட ஊடலுக்குரிய காரணமாக மட்டும் காணும் அக்கால வழக்கம் அங்குண்டு. அதனை நாம் அப்படியே ஏற்றல் ஆகாது. குடித்துவந்து அடிப்பதும், சீர்வரிசை கேட்டு வதைப்பதும் ஊடல் அல்ல, கொடுமை. ‘பொறுத்துப் போ, தோற்றவரே வென்றவர்’ என்று அடிபட்ட பெண்ணிடம் கூறுவது குறளுக்கும் இழைக்கும் தீங்கு. துணைவரால் கடுமையான ஆபத்து நேருமிடத்துப் பிரிந்து வாழ்வதற்கு 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பே 1153-ஆம் பிரிவில் இடமளிக்கிறது. ஒருவர் மட்டும் முயலும் இல்லறத்தில் ஊடலுவகை என்னும் அதிகாரத்திற்கு இடமில்லை. ஆற்றுவதும் தோற்பதும் இருவர்க்கும் உரியவை.

திருமணத்திற்கு முன் நம் மக்கள் தயாரிப்புப் பயிற்சிக்குச் செல்கின்றனர். பந்தலுக்கும் விருந்துக்கும் பல மாதங்கள் உழைக்கின்றனர். மணந்து பத்தாண்டுகள் ஆனபின் அதே உழைப்பில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் நன்று. இறுதி மூன்று அதிகாரங்களில் உள்ளவை 30 குறட்பாக்கள். வளனாருக்கு நேர்ந்துகொண்ட மார்ச் மாதத்தில், குடும்பச் செபம் முடிந்தபின் நாளொன்றுக்கு ஒரு குறளாகக் கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்கலாம். படித்தபின் சிறிது நேரம் பேசலாம்; கடன் தவணையைப் பற்றி அன்று.