மெய்ப்பாடு மங்கும் நோய்: இந்தியத் திரைப்படங்களில் மனச்சிதைவு

முன்னுரை

உள்ளத்து நிகழும் உணர்வு உடல்வழிப் புலப்படுவதை மெய்ப்பாடு என்று தமிழ்க் கவிதையியல் வரையறுக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றுவதற்குரிய நிலைக்களன்கள் நான்கினையும் சுட்டுகிறது. உள்ளமும் மெய்யும் ஒன்றையொன்று காட்டும் என்னும் நம்பிக்கையே இக்கொள்கையின் அடிப்படை. நடிப்புக் கலையும் இந்நம்பிக்கையின் மீதே நிற்கிறது. இத்தொடர்பே தளர்ந்துபோகும் ஒரு நோயைக் கலை எவ்வாறு காட்டும்? மனச்சிதைவு என்று தமிழில் வழங்கும் ஸ்கிசோஃப்ரினியா அத்தகைய நோயாகும். இந்நோயைப் பேசும் இந்தியத் திரைப்படங்கள் சிலவற்றை மெய்ப்பாட்டு நோக்கில் அணுகி, அவை நோயுற்றோரை எவ்விடத்தில் நிறுத்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நோயும் பெயரும்

சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1908இல் இந்நோய்க்குப் புதிய பெயரிட்டார். பிளத்தல், மனம் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களால் அமைந்த பெயர் அது. ஒருவருள் இருவர் குடியிருப்பதை அவர் கருதவில்லை. எண்ணம், உணர்ச்சி, விருப்பாற்றல் ஆகியவற்றுக்கிடையே உள்ள இணைப்புத் தளர்வதையே அவர் சுட்டினார். பெயரில் இருந்த 'பிளவு' மட்டும் மக்கள் வழக்கில் நிலைத்தது. அதனால் இரட்டை ஆளுமையும் இந்நோயும் ஒன்றே என்னும் மயக்கம் உலகெங்கும் பரவியது.

தமிழில் மனப்பிளவு, உளச்சிதைவு, மனச்சிதைவு ஆகிய மூன்றும் வழங்கியுள்ளன. அவற்றுள் மனச்சிதைவே நிலைபெற்றது. 'சிதைவு' அழிவைக் குறிக்கும் சொல். சிதைந்த கோயிலைப் புதுப்பிக்கலாம். எனினும் சிதைந்த பின் அது பழைய கோயில் அன்று என்பதே அச்சொல் உணர்த்தும் பொருள். நோயுற்றோருள் குறைந்தது மூவரில் ஒருவரேனும் முழுமையாக மீள்கின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. மீட்சிக்கு இடமுள்ள நோய்க்கு மீளாமையைக் குறிக்கும் பெயர் அமைந்திருப்பது கலைச்சொல்லாக்கத்தில் கருதத்தக்க சிக்கலாகும். 'மனம் பிளந்த நோய்' எனப் பொருள்படும் பழைய பெயரை 2002இல் ஜப்பானிய மனநல மருத்துவர் கழகம் நீக்கிவிட்டு, 'ஒருங்கிணைவு குன்றிய நிலை' எனப் பொருள்படும் பெயரை ஏற்றது. பெயர் மாற்றம் மொழித்துறையார்க்கும் உரிய பணி என்பதற்கு இது சான்று.

நோயின் கூறுகள் இரு வகையின. ஆளில்லாதபோது குரல் கேட்பது, பிறர் தம்மைக் கண்காணிக்கின்றனர் என உறுதியாக நம்புவது, பேச்சின் கோவை குலைவது ஆகியன ஒருவகை. இவை இயல்பான நிலையில் இல்லாதவை. நோயால் வந்து சேர்பவை. ஊக்கம் அற்றுப்போவது, முகத்தில் உணர்ச்சி தோன்றாமை, பேச்சுச் சுருங்குவது, மக்களிடமிருந்து ஒதுங்குவது ஆகியன மற்றொரு வகை. இவை முன்பு இருந்து, நோயால் குறைபவை. பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ நோய் தொடங்குகிறது. படிப்பு முடியும் முன்னர், வேலை அமையும் முன்னர், மணம் நிகழும் முன்னர் வந்து விடுவதால் வாழ்க்கையின் பெரும்பகுதியை அது பாதிக்கிறது.

அணங்கும் விலங்கும்

அச்சம் என்னும் மெய்ப்பாட்டின் நிலைக்களன்களுள் அணங்கும் விலங்கும் அடங்கும். மனநோயைக் கருவாகக் கொண்ட வணிகத் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் இவ்விரண்டினுள் அடங்கிவிடுகின்றன. 2005இல் வெளிவந்த 'சந்திரமுகி' பேய் பிடித்தலின் தோற்றத்தை முழுவதும் பயன்படுத்திக்கொண்டு, இறுதியில் ஆளுமைப் பிளவு என விளக்கம் தருகிறது. அதே ஆண்டின் 'அந்நியன்' பல ஆளுமைக் கோளாறைக் கதையாக்கியது. இவ்விரு படங்களும் காட்டுவது மனச்சிதைவு அன்று. ஆயினும் மனநோய் என்றால் ஒருவர் திடீரென்று வேறொருவராக மாறுதல் என்ற எண்ணத்தை அவை வலுப்படுத்தின. மனச்சிதைவுற்றோர் வேறொருவராக மாறுவதில்லை. தாமாகவே இருந்து, தமக்கு மட்டும் நேரும் ஓர் உலகை எதிர்கொள்கின்றனர்.

கமல்ஹாசன் தம் 'தாயம்' என்னும் நாவலை அடியொற்றி எழுதி நடித்த 'ஆளவந்தான்' (2001) விலங்கு என்னும் நிலைக்களனைச் சார்ந்தது. மனநோய் விடுதியில் அடைக்கப்பட்ட நந்து அங்கிருந்து தப்பிக் கொலைகள் புரிகிறான். சிற்றன்னையின் கொடுமைக்கு ஆளான சிறுவனாக அவனைக் காட்டுவதும், அவன் காணும் உலகைக் கேலிச்சித்திர அசைவுப்படமாக அமைப்பதும் அப்படத்தின் துணிவான பகுதிகள். நோயுற்றவரின் உள்ளிருந்து காண முயன்ற தமிழ்ப் படங்களுள் அதற்கு இடமுண்டு. எனினும் அவ்வுள்நோக்கு வன்செயலின்போதே பெரிதும் திறக்கப்படுகிறது. நந்து அமைதியாக இருக்கும்போது அவனுக்கு என்ன கேட்கிறது என்பதைப் படம் பெரிதாகக் கருதவில்லை. இந்நோயுடையோரில் பெரும்பாலோர் வன்செயலில் ஈடுபடுவதில்லை என்பது மருத்துவம் நிறுவிய உண்மை.

அச்சத்தின் சித்திரிப்புக்குப் புறவுலகில் விளைவு உண்டு. 'ஆளவந்தான்' வெளிவந்த ஆண்டிலேயே, ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த நோயாளர் தப்ப இயலாது மாண்டனர். இறந்தோர் 28 பேர். ஒரு திரைப்படம் இத்துயருக்குக் காரணம் என்பது பொருந்தாது. ஆனால் ஒருவரை விலங்காகக் கருதும் மனமே அவர்க்கு விலங்கு பூட்டவும் இசைகிறது. ஒரு சொல் இரு பொருளிலும் வழங்குவது இங்குப் பொருத்தமாகிறது.

அழுகையின் எல்லை

அபர்ணா சென் இயக்கிய '15 பார்க் அவென்யூ' (2005) அச்சத்தை விடுத்து அழுகையை மெய்ப்பாடாகக் கொண்டது. அழுகைக்குரிய நிலைக்களன்களுள் இழவும், முன்னைய நிலையினின்று தாழும் அசைவும் அடங்கும். இவ்விரண்டும் இப்படத்தில் அமைந்துள்ளன. இதழாளராகப் பணியாற்றிய மீத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிறாள்; முன்னரே அவளிடம் இருந்த நோய்க்கூறு அதன்பின் முற்றுகிறது. மணம் பேசப்பட்டவன் விலகுகிறான். கொல்கத்தாவில் 15, பார்க் அவென்யூ என்னும் இல்லாத முகவரியில் கணவனும் ஐந்து குழந்தைகளும் தனக்காகக் காத்திருப்பதாக அவள் நம்புகிறாள். இயற்பியல் பேராசிரியையான தமக்கை அஞ்சலி அவளைப் பேணுகிறாள்.

இப்படத்தின் முதற்சிறப்பு, நோயைக் குடும்பத்தின் நாள்முறை வாழ்வில் வைத்துக் காட்டியதாகும். இந்தியாவில் நோயுற்றோரில் பெரும்பாலோர் குடும்பத்தோடே வாழ்கின்றனர்; மருத்துவமனையைக் காட்டிலும் வீடே நோயின் களம். அஞ்சலியின் சலிப்பு, கண்டிப்பு, தன் வாழ்வை ஒத்திவைத்தல் ஆகியவை மிகையின்றி அமைந்துள்ளன. காப்பாளர் தெய்வமும் அல்லர், கொடியவரும் அல்லர் என்பதை இப்படம் உணர்த்துகிறது.

மீத்தியின் நம்பிக்கையின் உள்ளடக்கமும் நோக்கத்தக்கது. கணவன், குழந்தைகள், வீடு ஆகிய மூன்றுமே நோய் அவளிடமிருந்து பறித்தவை. பொய்ந்நம்பிக்கை பொருளற்ற பிதற்றல் அன்று; அதற்குள் ஒரு வாழ்க்கை வரலாறு உண்டு என்பதை இயக்குநர் உணர்ந்துள்ளார். இறுதிக் காட்சியில் மீத்தி அம்முகவரியைக் கண்டடைந்து உள்ளே செல்கிறாள்; மற்றவர்கள் அவளைக் காணாது தேடுகின்றனர்.

இம்முடிவைக் கவித்துவமானது எனப் போற்றுவதும் உண்டு. ஆயினும் வினவத்தக்க ஒன்று இங்குள்ளது. நோயுற்றவளுக்குக் கலை தரும் விடுதலை, அவளை இவ்வுலகிலிருந்து மறையச் செய்வதாகவே அமைகிறது. மீத்தி திரும்பி வந்து மருந்துண்டு, சிறு வேலையொன்றில் அமர்ந்து, குறைகளோடு வாழ்தல் என்னும் வாழ்க்கை படத்தின் கற்பனைக்குள் வரவில்லை. துன்பியலின் நிறைவுக்காக மீட்சி கைவிடப்படுகிறது. அழுகையின் எல்லை இதுவே. அழுகை, நோயுற்றவர் பொருட்டு இரங்கும். அவரோடு வாழ்வதற்கு வழிகாட்டுவதில்லை.

காட்டின் உருவகம்

சுமித்ரா பாவேயும் சுனில் சுக்தங்கரும் இயக்கிய மராத்திப் படமாகிய 'தேவ்ராய்' (2004) மற்றொரு திசையில் செல்கிறது. கொங்கணப் பகுதிச் சிற்றூரில் வாழும் சேஷ், ஊரின் கோயிற்காட்டின் மீது தீராப் பற்றுடையவன். அக்காடு அழியுமோ என்னும் கவலை அவனுள் நோயோடு பின்னிப் பிணைகிறது. சகோதரி சீனா அவனைத் தன் இல்லத்திற்கு அழைத்துச்சென்று மருத்துவத்திற்கு உட்படுத்துகிறாள்.

சேஷின் கவலையில் எவ்வளவு நோய், எவ்வளவு உண்மை என்னும் வினாவை இப்படம் எழுப்புகிறது. காடு உண்மையிலேயே அழிகிறது. நோயுற்றவர் சொல்வதனைத்தும் பொய்யென்று தள்ளும் வழக்கத்தை இது மறுக்கிறது. 52ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் இப்படம் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கான சிறந்த படம் என்னும் பிரிவிலேயே விருது பெற்றது. காட்டைப் பற்றிய படமாகவும் நோயைப் பற்றிய படமாகவும் ஒருங்கே நிற்கும் அதன் இரட்டைத்தன்மைக்கு இது புறச்சான்று. உருவகம் வலிமை பெறும்போது உருவகிக்கப்பட்ட பொருள் பின்தள்ளப்படும் இடரையும் இது நினைவூட்டுகிறது.

காட்டப்படாத பகுதி

இப்படங்கள் அனைத்திற்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அவை நோயால் வந்து சேர்பவற்றைக் காட்டும் அளவுக்கு, நோயால் குறைபவற்றைக் காட்டுவதில்லை. காரணம் வெளிப்படை. குரலையும் மாயத்தோற்றத்தையும் காட்சியாக்கலாம். நாள் முழுதும் கட்டிலில் அமர்ந்து சுவரை நோக்கும் ஒருவரைக் காட்சியாக்குவது அரிது. அவர் முகத்தில் மெய்ப்பாடு இல்லை. ஆனால் அவருக்கு உணர்வே இல்லை என்பதன்று. உணர்வு மெய்யை எட்டுவதில்லை. பார்ப்பவர் அதனைச் சோம்பல், அன்பின்மை, திமிர் என்றெல்லாம் பொருள்கொள்கின்றனர். குரல்கள் மருந்தால் அடங்கிய பின்னரும் இக்குறைவு நீடிப்பதுண்டு. வேலையும் உறவும் இழக்கப்படுவதற்கு இதுவே பெரிதும் காரணமாகிறது. கலை இதனைக் காட்டாமையால், குடும்பங்கள் இதனை நோயென்று அறியாமலே இருக்கின்றன.

மற்றொன்று ஊடகத்தைச் சார்ந்தது. இந்நோயில் கண்ணுக்குத் தோன்றும் மாயத்தினும் செவிக்குக் கேட்கும் குரலே மிகுதி. அக்குரல் முன்னிலையில் ஏவும். படர்க்கையில் அவரைப் பற்றியே பிறரோடு பேசும். திரைப்படம் கட்புலக் கலையாதலால் குரலை உருவமாக மாற்றிவிடுகிறது. எழுத்துக்கு இந்த நெருக்கடி இல்லை. உளவியல் பயின்று, மனநோயாளரோடு பழகிய அறிவோடு எழுதிய கோபிகிருஷ்ணனின் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' இங்கு நினைக்கத்தக்கது. பித்தைத் தத்துவமாக உயர்த்தாமலும் அச்சமாகத் தாழ்த்தாமலும் நோயாளரின் பேச்சைப் பதிவுசெய்ய முனைந்தமை அந்நூலின் பெறுமதி. தன்மையிடத்தில் பேசும் உரிமையை நோயுற்றவர்க்கு வழங்குவது என்பது இதுவே.

பெயரும் அளவும்

இளிவரல் என்னும் மெய்ப்பாட்டின் நிலைக்களன்களுள் பிணியும் ஒன்றாகும். நோயுற்றோர் சமூகத்திடம் பெறுவது பெரும்பாலும் இளிவரலே. 1976இல் திருத்தப்பட்ட இந்து திருமணச் சட்டம் மணமுறிவுக்குரிய மனக்கோளாறுகளை விளக்குமிடத்தில் இந்நோயைப் பெயர்சுட்டிக் குறிக்கிறது. நோயின் பெயர் மட்டும் மணமுறிவுக்குப் போதாது. இணைந்து வாழ இயலாத அளவுக்கு அது இருத்தல் வேண்டும் என்று 1988இல் உச்சநீதிமன்றம் விளக்கியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணித்தலைத் தடைசெய்ததோடு, தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் வழங்கியது.

இச்சட்ட வளர்ச்சி திறனாய்வாளர்க்கும் ஓர் அளவுகோலைத் தருகிறது. பெயரையும் அளவையும் வேறுபடுத்தியது நீதிமன்றம். நோயுற்றவரின் சொல்லுக்கு எழுத்துரிமை தந்தது சட்டம். கலைப்படைப்பு இவ்விரண்டையும் செய்கிறதா என்னும் வினாவை எழுப்புவது மிகையாகாது.

முடிவுரை

வணிகத் தமிழ்ப் படங்கள் மனநோயை அச்சத்தின் களமாக்கின. '15 பார்க் அவென்யூ' அதனை அழுகைக்கும், 'தேவ்ராய்' உருவகத்திற்கும் கொண்டுசென்றன. பின்னவை இரண்டும் முன்னவற்றினும் நெடுந்தொலைவு முன்னேறியவை. நோயுற்றவரை மனிதராகக் கண்டவை. எனினும் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்று இவற்றுள் உரிய இடம் பெறவில்லை. அது பெருமிதம். அதன் நிலைக்களன்களுள் ஒன்றாகிய தறுகண் அஞ்சாமையைக் குறிக்கும். செவியில் ஓயாது ஏசும் குரலைக் கேட்டுக்கொண்டே எழுந்து, நீராடி, மருந்துண்டு, வேலைக்குச் செல்லும் ஒருவரின் காலைப்பொழுதில் தறுகண் உண்டு. அதனைக் காண்பதற்கு மிகையான நடிப்பும் துன்பியல் முடிவும் தேவையில்லை. பொறுமையான பார்வையே தேவை. மெய்யில் தோன்றாத உணர்வையும் உணர்வென்று ஏற்கும் கவிதையியல் ஒன்றை இந்நோய் கோருகிறது. அதனை உருவாக்கும் பொறுப்பு படைப்பாளர்க்கும் திறனாய்வாளர்க்கும் ஒருங்கே உரியது.