பத்து விழுக்காடு திருப்பித் தருகிறார்களாம்!

"எங்கள் விவசாயமே மழையோடு ஆடுகிற சூதாட்டந்தானே!" என்று மானாவாரி நிலம் வைத்திருப்போர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் புரட்டாசியில் பருத்தியையோ மல்லியையோ மக்காச்சோளத்தையோ விதைத்துவிட்டு, வடகிழக்குப் பருவமழை கைகொடுக்குமா என்று வானத்தைப் பார்த்திருக்கும் ஒருவர் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. அந்த ஒப்புமை சரிதானா என்பதைப் பிறகு பார்ப்போம். இன்று அதே கரிசல் காட்டில், கைபேசி வழியாக வேறொரு சூதாட்டம் வீட்டுக்குள் வந்துவிட்டது. "தோற்றாலும் கவலை வேண்டாம், இழந்த பணத்தில் 10 விழுக்காடு திருப்பித் தருகிறோம்" என்ற பொருளில் அது விளம்பரம் செய்கிறது. இச்சலுகைக்குக் 'கேஷ்பேக்' என்று பெயர். ஒரு நூலை விமரிசனம் செய்வது போல, இந்த விளம்பரத்தை விமரிசனம் செய்து பார்ப்பது நம் நோக்கம்.

முதலில், இதில் பொய் உண்டா? வெளிப்படையாக இல்லை. சொன்னபடி பணத்தைத் திருப்பித் தரும் நிறுவனங்களும் இருக்கின்றன. பொய் இல்லாத இடத்தில் ஒருவர் எப்படி ஏமாறுகிறார் என்பதே இங்கு ஆராயத்தக்கது. அதற்குச் சிறிது கணக்கு வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்கே போதும்.

சூதாட்ட விடுதிகளில் 'ரூலட்' என்றொரு சக்கரம் உண்டு. ஐரோப்பிய வகைச் சக்கரத்தில் 37 குழிகள். அவற்றில் 18 சிவப்பு, 18 கறுப்பு, எஞ்சிய ஒன்று பச்சை நிறப் பூச்சியம். சிவப்பின் மேல் 1,000 ரூபாய் வைத்து, பந்து சிவப்பில் விழுந்தால் உங்களுக்கு 1,000 ரூபாய் இலாபம். கறுப்பிலோ பூச்சியத்திலோ விழுந்தால் 1,000 ரூபாய் நட்டம். 37 முறை ஆடினால் சராசரியாக 18 முறை வெற்றி, 19 முறை தோல்வி. ஆக, நிகர நட்டம் 1,000 ரூபாய். வைத்த தொகை மொத்தம் 37,000 ரூபாய் என்பதால், நூற்றுக்கு ஏறத்தாழ 2.7 ரூபாய் விடுதிக்குச் சேர்கிறது. அந்த ஒற்றைப் பச்சைக் குழிதான் விடுதிக்காரருடைய வயலும் கிணறும்!

இப்போது 10 விழுக்காட்டுச் சலுகையைச் சேர்ப்போம். இங்கே ஒரு வேடிக்கை நிகழ்கிறது. ஒவ்வொரு தோல்விக்கும் தனித்தனியே 100 ரூபாய் திருப்பித் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 19 தோல்விகளுக்கு 1,900 ரூபாய் திரும்பி வரும். 1,000 ரூபாய் நட்டம் போக, ஆடியவருக்கு 900 ரூபாய் இலாபம்! அதே 37 ஆட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்து, வாரக் கடைசியில் நிகர நட்டத்துக்கு மட்டும் 10 விழுக்காடு தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். நிகர நட்டம் 1,000, திரும்புவது 100, ஆடியவருக்கு 900 ரூபாய் நட்டம். சக்கரம் ஒன்றே, விழுக்காடும் ஒன்றே. கணக்கு முடிக்கும் முறை மட்டும் மாறியது; 900 ரூபாய் இலாபம் 900 ரூபாய் நட்டமாகிவிட்டது.

நிறுவனங்கள் இவ்விரண்டில் எந்த முறையைக் கையாளும் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். "வாராந்தர நிகர நட்டத்தின் மீது" என்ற சொற்கள் நிபந்தனைகளுக்கிடையே எங்கோ பொடி எழுத்தில் இருக்கும். "10 விழுக்காடு" என்பது மட்டும் பெரிய எழுத்தில் மின்னும்.

கணக்கு முடிக்கும் முறையில் கவனம் பிசகிய விடுதிகள் பட்ட பாடும் உண்டு. அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி என்னும் ஊரில் டான் ஜான்சன் என்பவர், இழப்பில் 20 விழுக்காட்டைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று பேரம் பேசி, 'பிளாக்ஜாக்' சீட்டாட்ட விதிகளிலும் தமக்குச் சாதகமான சில மாற்றங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆடினார். 2011ஆம் ஆண்டு வாக்கில் சில மாதங்களுக்குள் மூன்று விடுதிகளிலிருந்து ஏறத்தாழ 1.5 கோடி டாலர் வென்று சென்றார். அவர் ஒரு கைக்கு 1 லட்சம் டாலர் வரை வைத்து ஆடியவர். ஆகையால் நிபந்தனைகளை அவரால் எழுத முடிந்தது. கைபேசியில் 100 ரூபாய் வைத்து ஆடுபவருக்கு நிபந்தனைகளை எழுதுவது எதிர்த் தரப்பு.

அந்த 100 ரூபாய்க்காரரைப் பின்தொடர்வோம். அவர் கையில் 1,000 ரூபாய் இருக்கிறது. கைபேசிச் சக்கரம் 10 வினாடிக்கு ஒரு முறை சுழல்வதாகக் கொண்டால் மணிக்கு 360 ஆட்டம். ஆட்டத்துக்கு 100 ரூபாய் வீதம் 36,000 ரூபாய் பந்தயம். "என்னிடம் இருப்பதே ஆயிரந்தானே, முப்பத்தாறாயிரம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பீர்கள். வென்றதையே மீண்டும் மீண்டும் வைப்பதால் அதே பணம் பல முறை சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கு 2.7 கழிகிறது. ஒரு மணி நேரத்தில் சராசரியாக 973 ரூபாய் போய்விடும். இது சராசரிதான், ஒருவர் அதற்கு முன்பே வெறுங்கையாவார், இன்னொருவர் இலாபத்தோடு எழுந்திருப்பார். ஆயிரம் பேரை ஒன்றாகப் பார்க்கும் நிறுவனத்துக்குச் சராசரியே உண்மை. இழந்த 973 ரூபாயில் 10 விழுக்காடு, அதாவது 97 ரூபாய் திரும்பி வருகிறது. அதே வேகத்தில் அது கரைவதற்கு ஆகும் நேரம் 6 நிமிடம். அந்தப் பெருந்தன்மையின் அளவு அவ்வளவுதான்.

இதுவும் ரொக்கமாகக் கையில் வந்தால்தான். பல இடங்களில் அது 'போனஸ்' என்ற பெயரில் வருகிறது. உடனே எடுத்துக்கொள்ள முடியாது. 30 மடங்கு பந்தயம் வைத்து முடித்த பிறகே எடுக்கலாம் என்பது போன்ற நிபந்தனை இருக்கும். 100 ரூபாய் போனசுக்கு 3,000 ரூபாய் பந்தயம். நூற்றுக்கு 5 ரூபாய் பிடிக்கும் 'ஸ்லாட்' இயந்திர ஆட்டமானால், 3,000 ரூபாய்க்குச் சராசரி நட்டம் 150 ரூபாய். நூறு ரூபாய்ப் பரிசைப் பெற நூற்றைம்பது ரூபாய்ச் செலவு! பெரும்பாலோருக்கு நிபந்தனை நிறைவேறும் முன்பே போனஸ் கரைந்துவிடும். விடாப்பிடியாக நிறைவேற்ற முயல்பவர் சொந்தப் பணத்தையும் சேர்த்து வைப்பார்.

அருப்புக்கோட்டைச் சேலை நெசவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதலாளி தரும் பாவும் ஊடை நூலும் நெசவாளியின் உடைமை ஆகா. சேலையாக நெய்து கொடுத்த பிறகே கூலி. போனசும் அப்படித்தான் வருகிறது. ஆனால் நெசவில் நூல் துணியாகிறது. இங்கோ ஒவ்வொரு ஓட்டத்திலும் நூலில் ஒரு பகுதி முதலாளியிடமே திரும்பிப் போகிறது. பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் இந்தத் தந்திரத்தைக் கண்டுகொண்டு, 2026 ஜனவரி 19 முதல் இத்தகைய நிபந்தனை 10 மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று விதித்தது.

இத்தனை சிறிய தொகைக்கு மனம் ஏன் மயங்குகிறது? நட்டத்தில் இருப்பவர், சாதாரண வேளையில் தொடாத துணிச்சலான பந்தயத்தையும் ஏற்கிறார் என்பதை டேனியல் கானமன், ஏமாஸ் டிவெர்ஸ்கி என்னும் உளவியலார் 1979இல் எடுத்துக்காட்டினர். சலுகை வந்து சேரும் நேரத்தைக் கவனியுங்கள். தோற்றவர் எழுந்து போக நினைக்கும் வேளையில்தான் அது வருகிறது. "விட்டதைப் பிடிக்கலாம்" என்ற எண்ணத்துக்கு அது முதலாகிறது. இதைத் தற்செயல் என்று நாம் கருதவில்லை.

இப்போது தொடக்கத்தில் விட்ட கேள்விக்கு வருவோம். மானாவாரி விவசாயம் சூதாட்டமா? இரண்டிலும் நிச்சயமின்மை உண்டு. ஒற்றுமை அத்தோடு சரி. மண்ணில் விழும் விதை பெருகுகிறது. ஒருவருக்கு விளைந்ததால் பக்கத்துப் புஞ்சைக்காரருக்கு நட்டமில்லை. விதையைக் கடினப்படுத்தி, பருவமழைக்கு முன்பே விதைத்து, ஊடுபயிர் போட்டு, பண்ணைக்குட்டை வெட்டி, தோல்வியின் வாய்ப்பை விவசாயி குறைக்க முடியும். அருப்புக்கோட்டையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருப்பதே இத்தகைய பணிக்காகத்தான். சக்கரத்திடம் எந்த உழவியலும் செல்லாது. ஐந்து முறை தொடர்ந்து கறுப்பு விழுந்தாலும் ஆறாம் முறை சிவப்பின் நிகழ்தகவு 37இல் 18 என்பதில் மாற்றமில்லை. மழையை நம்பிப் பழகிய மனம், "மூன்று வருடம் பொய்த்தது, இந்த வருடம் பெய்யும்" என்ற ஆறுதலைச் சக்கரத்துக்கும் பொருத்திப் பார்ப்பதுதான் ஆபத்து.

"பொறுப்புடன் விளையாடுங்கள்" என்ற வாசகத்தையும் விட்டுவிடக் கூடாது. நேரத்துக்கும் பணத்துக்கும் முன்கூட்டியே எல்லை வகுத்தல், கடன் வாங்கி ஆடாதிருத்தல், தன்னைத் தானே விலக்கி வைக்கும்படி பதிவு செய்தல் ஆகியவை நல்ல அறிவுரைகளே. ஆனால் உரிமமும் கண்காணிப்பும் உள்ள இடத்தில்தான் அவை செயல்படும். பிரிட்டனில் ஒரே பதிவின் மூலம் உரிமம் பெற்ற இணையச் சூதாட்ட நிறுவனங்கள் அனைத்திலிருந்தும் விலகிக்கொள்ளலாம்.

இங்கு நிலைமை வேறு. 1968இல் அரசே தொடங்கிய லாட்டரிச் சீட்டு தமிழ்நாட்டில் 2003இல் ஒழிக்கப்பட்டது. நீதியரசர் கே. சந்துரு தலைமையில், மனநல மருத்துவர் இலட்சுமி விஜயகுமாரும் இடம்பெற்ற குழு 2022இல் அறிக்கை தந்தது. அதையொட்டி இணையச் சூதாட்டத்தைத் தடை செய்யும் மாநிலச் சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டையும் திறமை ஆட்டங்கள் என்று விலக்கி, அதிர்ஷ்ட ஆட்டங்கள் மீதான தடையை ஏற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடே பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரங்களையும் தடுத்துச் சட்டம் இயற்றியது. ஆகவே இன்று காசினோக் கேஷ்பேக் அழைப்பு உங்கள் கைபேசிக்கு வருமானால், அனுப்புபவர் சட்டத்துக்கு வெளியே நிற்பவர். அவருடைய சக்கரத்தில் 37 குழிகள்தாம் உள்ளனவா என்று சோதிக்க ஓர் அதிகாரி கிடையாது. வென்ற பணம் வராவிட்டால் வழக்குத் தொடுக்க ஒரு முகவரியும் கிடையாது. மேலே நாம் போட்ட கணக்கு நேர்மையான சக்கரத்துக்கானது என்பதை மறந்துவிட வேண்டாம்.

வீட்டில் ஒருவர் ஏற்கனவே இதில் சிக்கியிருந்தால், திட்டுவதால் பயனில்லை. உலகச் சுகாதார நிறுவனம் இதனை ஒரு நோயாகவே வகைப்படுத்தியுள்ளது. கைபேசிப் பணப் பரிமாற்றத்தின் நாள் வரம்பை வங்கியில் சொல்லிக் குறைக்கலாம். சில மாதங்களுக்குக் கணக்கை மனைவியோ தாயோ கவனிக்கலாம். கடன் எவ்வளவு, யாரிடம் என்பதை ஒரு தாளில் முழுமையாக எழுதி வாங்குங்கள். மறைத்த கடன்தான் மீண்டும் ஆட்டத்துக்கு இழுக்கும். 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பணத்தை மோசடியாகப் பறித்திருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும். நேரம் செல்லச் செல்ல அந்தப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிப் போய்விடும்.