நோயுற்ற பெண்ணின் சொல்லும் நமது செவியும்

நம் கத்தோலிக்க இதழ்களின் இறுதிப் பக்கங்களில் நன்றி அறிவிப்புகள் இடம்பெறுவது நெடுநாள் வழக்கம். புனித அந்தோனியாரின் பரிந்துரையால், ஆரோக்கிய அன்னையின் அருளால் நலம் பெற்றோம் என்று இரண்டொரு வரிகள். நம்பிக்கையின் ஆவணங்கள் என்ற முறையில் அவற்றை மதிக்கிறோம். ஆயினும் இலக்கியக் கண்கொண்டு நோக்கினால் ஒரு குறை உறுத்துகிறது. நோய் வந்தது, நோய் நீங்கியது என்னும் இரு முனைகளுக்கு இடைப்பட்ட மாதங்கள் அவற்றில் இல்லை. மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்ணுக்கோ அந்த மாதங்களே வாழ்க்கை. அறுவை, மூன்று வாரத்திற்கொரு முறை ஏற்றும் மருந்து, உதிரும் கூந்தல், வாரத்தில் ஐந்து நாள் வீதம் தொடரும் கதிர்வீச்சு, பின்னர் பலருக்கு ஐந்தாண்டும் அதற்கு மேலும் நீளும் மாத்திரைகள். இந்த நடுப்பகுதியை எழுத்தில் வடித்தவர்கள் சிலரே.

அவர்களுள் முதலில் நினைவுக்கு வருபவர் ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னி. 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில் அவருக்கு மார்பக அறுவை நடந்தது. மயக்க மருந்து வழக்கிற்கு வராத காலம். நெப்போலியனின் படை மருத்துவர் லாரே கத்தியை எடுத்தார். முகத்தின் மேல் விரித்த மெல்லிய கைக்குட்டையின் ஊடே எஃகு மின்னியதையும் பர்னி கண்டார். அவ்வனுபவத்தைத் தமக்கை எஸ்தருக்குக் கடிதமாக எழுதி முடிக்க அவருக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. வேதனையின் வருணனைக்காகவே இக்கடிதத்தைப் பலரும் போற்றுவர். நம் நெஞ்சில் தங்கியது வேறோர் இடம். பெண்கள் அனைவரும் வெளியேறட்டும் என்று மருத்துவர் ஒருவர் ஆணையிடுகிறார், பர்னி மறுக்கிறார். பணிப்பெண்ணும் தாதியருள் ஒருத்தியும் ஓடிவிடுகின்றனர். மற்றொருத்தி, அழைத்தபோது அருகே வருகிறாள். பர்னி அதன்பின் 1840 வரை வாழ்ந்தார். அந்தத் தாதி இன்றேல் அக்கடிதம் வேறு விதமாக இருந்திருக்கும் என்றே எண்ணுகிறோம்.

அமெரிக்கக் கட்டுரையாளர் சூசன் சொன்டாக் 1978இல் வெளியிட்ட 'நோய் ஓர் உருவகமாக' என்னும் நூல் முற்றிலும் மாறான போக்குடையது. தாமே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தும் தம் கதையை அவர் அதில் கூறவில்லை. நோயைப் போர் என்றும், தண்டனை என்றும், மனக்குறையின் விளைவு என்றும் பேசும் பேச்சு நோயாளியை நாணச் செய்கிறது என்பதே அவர் வாதம். நம் மொழிக்கும் இது பொருந்தும். கிரேக்கர் நண்டைக் கண்ட இடத்தில் தமிழர் புற்றைக் கண்டனர். திருவள்ளூர்ப் பகுதியில் மஞ்சள் பூசிய புற்றுக்குப் பால் வார்ப்போர் உண்டு. உள்ளே இருப்பதை எவரும் தோண்டிப் பார்ப்பதில்லை. நோயின் பெயரையும் நாம் அப்படியே மூடி வைத்து, 'அந்த வியாதி' என்று குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். கட்டியைக் கண்ட பெண் கணவனிடமும் சொல்லாமல் மாதங்களைக் கடத்துவது இந்தத் தாழ்ந்த குரலால்தான். ஆனால், பொய்ச் சொற்களைக் களைந்த பிறகு நோயாளியின் கையைப் பற்றுவோர் யார் என்று சொன்டாக் கேட்பதில்லை. அது அவர் மேற்கொண்ட பணியன்று என்பாரும் உளர், இருக்கலாம்.

கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டின் 'புற்றுநோய்க் குறிப்பேடுகள்' (1980) அக்கேள்விக்கு அருகில் வருகிறது. ஒரு மார்பை இழந்த அவர் செயற்கை மார்பு அணியாமல் மருத்துவரிடம் சென்றபோது, அங்குள்ளோரின் மன உறுதியை அது குலைக்கும் என்று தாதி கடிந்துகொண்டதைப் பதிவு செய்கிறார். தம்மைச் சூழ்ந்து தாங்கிய பெண்களையும் நன்றியோடு எழுதுகிறார். அவர் கொள்கைகள் அனைத்தும் நமக்கு உடன்பாடல்ல. எனினும் தைரியம் என்பது ஒருவர் நெஞ்சில் மட்டும் ஊறுவதன்று, பலர் கொண்டுவந்து சேர்ப்பது என்று இவ்வளவு தெளிவாகக் காட்டிய நூல் வேறொன்றை நாம் படித்ததில்லை.

தமிழில்? ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தில் புற்றுநோயாளி கணவன். மனைவி அருகிருந்து காப்பவள். நல்ல படமே. கட்டிலில் கிடப்பவள் மனைவியானால் அருகிருப்பவர் யார்?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிக்கு உழைக்கும் பெண்ணை எண்ணிப் பார்ப்போம். அடையாறு செல்வதற்கு அவள் மின்ரயிலில் 45 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்ட்ரலில் இறங்கி, மீண்டும் வண்டி மாற வேண்டும். கதிர்வீச்சு என்றால் நாள்தோறும். தகுதியுடையோரின் சிகிச்சைச் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. இழந்த கூலியையும், பள்ளி விட்டு வரும் குழந்தையின் பசியையும், வாந்தியோடு திரும்பும் அந்த ரயில் பயணத்தையும் அத்திட்டம் ஏற்பதில்லை. அடையாறு புற்றுநோய் நிலையமே, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் துயரத்தில் வேர்கொண்டது. 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அதற்கு டாக்டர் வி. சாந்தா 2021இல் இறக்கும் வரை தம் வாழ்நாளை ஈந்தார். அந்த வாசல்வரை உடன் செல்ல ஒரு பங்கில் எத்தனை பேர் கிடைப்பர்? மரியாயின் சேனையினர் நோயாளர் வீடுகளைச் சந்திக்கிறார்கள். அன்பியங்கள் செபமாலை சொல்கின்றன. மருந்தேற்றும் நாளில் அவ்வீட்டில் உலை வைப்பதும் அவற்றின் பணியாகலாம்.

மார்பு அறுக்கப்பட்டு மறைசாட்சியான புனித ஆகத்தாவின் நினைவு நாள் பிப்ரவரி 5. அன்று இந்நோயைப் பெயர் சொல்லிப் பேசும் மறையுரையை நாம் அரிதாகவே கேட்டிருக்கிறோம். மன்றாடவும் மருத்துவருக்கு இடங்கொடுக்கவும் ஒருங்கே பணிக்கும் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரமும் மேடையேறுவது குறைவு.

நோயுற்ற பெண்ணைப் பற்றி நம்மிடமுள்ள மிகச் சிறந்த எழுத்து மாற்கு 5ஆம் அதிகாரமே என்பது நம் துணிபு. பன்னிரண்டு ஆண்டு நோய், கரைந்த பொருள், பின்னால் வந்து ஆடையைத் தொடும் அச்சம் ஆகியவற்றை மாற்கு மறைக்கவில்லை. குணமானதோடு கதை முடிந்திருக்கலாம். இயேசு நிற்கிறார், தொட்டவர் யார் என்று கேட்கிறார். சாகும் நிலையில் மகளை விட்டு வந்த யாயிர் பக்கத்தில் தவிக்கிறார். கூட்டம் நெருக்குகிறது. அவள் நடுங்கியபடி வந்து நடந்ததனைத்தையும் கூறுகிறாள். மகள் என்று அழைக்கப்படுகிறாள். அவள் சொல்லி முடிக்கும்வரை யாயிரும் காத்திருந்தார்.