செய்யாத வேலைக்கு யார் கையெழுத்து?

1976 அக்டோபர் 12, நள்ளிரவு கடந்த நேரம். பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல் விமானத்தின் இயந்திரம் ஒன்று வெடித்தது. விமானம் உடனே திரும்பியது, ஆனால் ஓடுதளத்தைத் தொடுவதற்குள் விழுந்துவிட்டது. நடிகை ராணி சந்திரா உட்பட 95 பேரும் இறந்தார்கள். இயந்திரத்தின் அழுத்தப் பகுதியில் சுழலும் ஒரு தகடு உலோகச் சோர்வால் விரிசல் விட்டிருந்தது. தகடு சிதறியதும் எரிபொருள் குழாய் அறுந்து தீப்பற்றியது. தீ ஹைட்ராலிக் அமைப்பைத் தின்றது. விமானி கையிலிருந்த கட்டுப்பாடு போயிற்று.

உலோகத்தில் விழும் அந்த மாதிரி விரிசல் ஒரே நாளில் வருவதல்ல. ஒவ்வொரு பயணத்திலும் மயிரிழை மயிரிழையாக வளர்வது. விமானப் பராமரிப்பு என்ற ஏற்பாடே இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது. இத்தகைய முக்கியப் பாகம் கெடட்டும், பிறகு மாற்றலாம் என்று காத்திருப்பதில்லை. இத்தனை மணி, இத்தனை ஏற்ற இறக்கம் என்று கணக்கு முடிந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். கழற்றியவர், மாட்டியவர், சரிபார்த்தவர் எல்லோருக்கும் பதிவு உண்டு. உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்துப் போடாமல் விமானம் நகராது. மும்பையின் அதிகாலை லோக்கல் ரயிலில் டோம்பிவிலியில் ஏறி, குர்லாவில் இறங்கி, கலீனா ஹேங்கருக்குப் போகிற ஒருவரின் கையெழுத்தாகவும் அது இருக்கலாம்.

இந்த முறையின் பலத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விழுந்து 260 பேர் இறந்தார்கள். அந்தத் துயரம் டோம்பிவிலி வரை வந்து ஒரு வீட்டைத் தொட்டது. ஒரே மாதத்தில் வெளிவந்த முதற்கட்ட அறிக்கையால், எரிபொருள் விசைகள் இருக்கும் பாகம் 2019லும் 2023லும் மாற்றப்பட்டது, 2023க்குப் பிறகு அந்த விசைகளில் பழுது எதுவும் பதிவாகவில்லை என்று சொல்ல முடிந்தது. எரிந்து கருகிய ஒரு இயந்திரத்தின் வரலாற்றை இவ்வளவு துல்லியமாக எடுத்துவைக்கும் தொழில் வேறு எது? மாறாக, டோம்பிவிலியில் நம் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையையே பாருங்கள். 2016 மே மாதம் புரோபேஸ் ரசாயன ஆலை, 2024 மே மாதம் அமுதான் ரசாயன ஆலை. இரண்டு முறையும் வெடித்த பிறகுதான் ஆய்வும் இடமாற்றப் பேச்சும் சூடுபிடித்தன.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. செய்த வேலைக்குக் கையெழுத்து வாங்கும் இந்த முறை, செய்யாமல் விட்ட முடிவுக்கு யாரிடமும் கையெழுத்துக் கேட்பதில்லை.

அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருந்தது. எரிபொருள் விசை தற்செயலாக நகராமல் தடுக்கும் பூட்டு சில போயிங் விமானங்களில் சரியாக அமையாமல் இருக்கக்கூடும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்க விமானத் துறை 2018 டிசம்பரில் எழுதியிருந்தது. கட்டளையாக அல்ல, ஆலோசனையாக. ஆலோசனைதானே என்று ஏர் இந்தியா அந்தச் சோதனையைச் செய்யவில்லை. விதி எதுவும் மீறப்படவில்லை. விபத்துக்கு அதுதான் காரணம் என்று அறிக்கையும் சொல்லவில்லை. நாமும் சொல்லக் கூடாது. ஆனால் விபத்துக்குப் பின், 2025 ஜூலை 14 அன்று, ஒரு வாரத்துக்குள் பார்த்து முடியுங்கள் என்று விமானத் துறையைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. உத்தரவிட்டது. ஏர் இந்தியா பார்த்து முடித்தது, குறை எதுவும் இல்லை என்றும் அறிவித்தது. அந்த முடிவு நிம்மதி தரலாம். ஒரு வாரத்தில் முடியும் வேலையை ஆறரை ஆண்டு தேவையில்லை என்று வைத்திருந்தது யார் என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

இது இந்திய நோய் மட்டுமல்ல. 2000 ஜனவரி 31 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் பசிபிக் கடலில் விழுந்து 88 பேர் இறந்தார்கள். வால் பகுதியின் திருகுத்தண்டில் கிரீஸ் இல்லாமல் மரை அரைபட்டுப் போயிருந்தது. கிரீஸ் போடும் இடைவெளியை நிறுவனம் நீட்டிக்கொண்டே போயிருந்தது. ஒழுங்குமுறை அமைப்பும் ஒப்புதல் கொடுத்திருந்தது. காகிதத்தில் எல்லாம் ஒழுங்கு.

இப்படிப்பட்ட முடிவுகள் மேலே எடுக்கப்படுகின்றன; பழி கீழே இறங்குகிறது, அல்லது இறந்தவர் மேல் போய் உட்காருகிறது. 1978 புத்தாண்டு அன்று பாந்த்ரா கடலில் ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’ விமானம் விழுந்து 213 பேர் இறந்தபோது, சாய்வு காட்டும் கருவி ஒன்று பழுதானதும் பேசப்பட்டது, ஆனால் கடைசியில் நின்றது விமானியின் பிழைதான். அது தவறான முடிவு என்று நான் சொல்லவில்லை. விமானி செய்ததற்குக் கருப்புப்பெட்டி சாட்சி சொல்லும். அலுவலகத்தில் தள்ளிவைக்கப்பட்ட கோப்புக்கு அப்படி ஒரு பெட்டி கிடையாது. விபத்து விசாரணை பழி சுமத்துவதற்கல்ல என்ற சர்வதேசக் கொள்கையை நான் மதிக்கிறேன். அது இல்லாவிட்டால் எந்தப் பொறியாளரும் வாயைத் திறக்க மாட்டார். ஆனால் விபத்துகளை விசாரிக்கும் ஏ.ஏ.ஐ.பி.யும், கண்காணிக்கத் தவறியிருக்கக்கூடிய டி.ஜி.சி.ஏ.யும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இருக்கும்வரை, பழி வேண்டாம் என்ற சொல் மேலிடத்துக்கு மட்டும் குடைபிடிக்கும் என்ற சந்தேகம் போகாது.

ஒவ்வொரு ஆலோசனையையும் செய்துகொண்டிருந்தால் விமானம் ஹேங்கரிலேயே கிடக்கும் என்று நிறுவனங்கள் வாதாடும். உண்மைதான். தயாரிப்பாளர்களிடமிருந்தும் அரசுகளிடமிருந்தும் அறிவிப்புகள் வந்து குவிகின்றன. செய்ய வேண்டாம் என்று முடிவெடுக்கட்டும். அந்த முடிவை, காரணத்தோடு, எடுத்த அதிகாரியின் பெயரோடு பதிவேட்டில் எழுதட்டும். கீழே இருப்பவரிடம் ஒவ்வொரு போல்ட்டுக்கும் கேட்பதைத்தான் மேலே இருப்பவரிடமும் கேட்கிறோம்.

எழுதிவைத்தால் மட்டும் போதாது என்பதும் தெரிந்ததே. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் ஒரு ஏர்பஸ் விமானத்தில், ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு கட்டாயம் மாற்ற வேண்டும் என்று சொன்ன இயந்திர பாகங்கள் குறித்த காலத்தில் மாற்றப்படவில்லை. மாற்றியதாகக் காட்டப் பதிவுகள் திருத்தப்பட்டிருந்தன. டி.ஜி.சி.ஏ. கண்டித்ததும், நிறுவனம் தவற்றை ஒப்புக்கொண்டு சிலர் மேல் நடவடிக்கை எடுத்ததும் 2025 ஜூலையில் வெளியே தெரிந்தன. தணிக்கைக்கு ஆள் போனதால்தான் அது பிடிபட்டது. அதே ஆண்டு மார்ச்சில் நாடாளுமன்றக் குழு ஒன்று, டி.ஜி.சி.ஏ.வின் பணியிடங்களில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கின்றன என்று சுட்டிக்காட்டியிருந்தது.