அழகிய பெரியவன்: நிலம் இழந்தவர்களின் நாவல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டிய தோல் வட்டாரத்தைப் பற்றி அறிக்கைகளுக்கும் தீர்ப்புகளுக்கும் குறைவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. ஆனால் தோல் கம்பெனிக்குள் நுழையும் மனிதர் எதை இழந்துவிட்டு அந்த வாசலுக்கு வந்தார் என்பதை நாவல்தான் சொல்ல முடியும். பேரணாம்பட்டில் 1968இல் பிறந்து, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அழகிய பெரியவன் அதைச் சொன்னார்.

அவருடைய முதல் நாவல் ‘தகப்பன்கொடி’, நிலம் பறிபோன தலித் குடும்பத்தின் கதை. இதன் பின்னால் ஒரு நெடிய வரலாறு இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையை அடுத்து 1892இல் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குப் பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அந்தச் சாதியாருக்கு மட்டுமே தரலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கைமாறியது. இந்த இழப்பைப் புள்ளிவிவரமாகக் காட்டாமல், தலைமுறை தலைமுறையாக ஒரு வீட்டுக்குள் தங்கிவிட்ட துயரமாக அவர் எழுதினார். 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற டி. செல்வராஜின் ‘தோல்’, திண்டுக்கல் தொழிலாளர்கள் சங்கம் கட்டியதைச் சொல்கிறது. அழகிய பெரியவனின் கேள்வி அதற்கும் முந்தையது: இவர்கள் கூலிக்காரர்கள் ஆனது எப்படி?

அவருடைய எழுத்தின் உச்சம் என்று நான் கருதுவது நாவலை அல்ல, ‘குறடு’ சிறுகதையை. மேல்சாதித் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத ஒருவன், பட்டாளத்துக்குப் போய் பூட்ஸ் காலோடு திரும்பி வருகிறான். உலகத்துக்கே காலணி தைத்து அனுப்பும் ஒரு வட்டாரத்து எழுத்தாளரிடமிருந்து இந்தக் கதை வந்திருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் மனம் பதறும். கதையில் எங்கும் வாதம் இல்லை. அந்தக் கால்களே எல்லாவற்றையும் பேசிவிடுகின்றன. பொன். சுதா இதை ‘நடந்த கதை’ என்ற குறும்படமாக எடுத்தார்.

இந்த அடக்கம் ‘வல்லிசை’ நாவலில் குறைகிறது. அதன் துணிச்சல் பெரிது. பறை கலையாகக் கொண்டாடப்படும் காலத்தில், பறையடிப்பதை இழிவெனத் தூக்கி எறிந்த வட ஆர்க்காட்டுத் தலித்துகளின் போராட்டத்தை அது நினைவூட்டுகிறது. மேடையில் பறை ஒலிக்கும்போது கைதட்டும் நமக்கு, அந்த மறுப்புக்காக அடிபட்டவர்களைத் தெரியாது. வேறு எவரும் இதை இவ்வளவு அக்கறையோடு எழுதியதாக நான் அறியேன். ஆனால் சொல்லியே ஆக வேண்டிய வரலாறு அதிகமாக இருப்பதால், பல இடங்களில் மனிதர்கள் பின்வாங்கி, கருத்து முன்னே வந்து நிற்கிறது. ஒரு பாத்திரம் தடுமாற வேண்டிய இடத்தில் தெளிவாகப் பேசிவிடுகிறது. கட்டுரையாளராகவும் இயங்கும் ஒருவருக்கு இது நேரக்கூடியதுதான். என்றாலும் நாவலுக்கு இது இழப்பே.

இன்னொரு குறையும் உண்டு. தோல் பதனிடும் சுண்ணாம்புக் குழியும், ஷூ கம்பெனிக்குப் பேருந்தில் போய்த் திரும்பும் பெண்களும் இந்த நாவல்களில் முழுமையாக விரியவில்லை. இதற்கிடையே வட்டாரமும் மாறிவிட்டது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து இறந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களும் எங்கோ ஒரு நிலத்தை விட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள். ‘தகப்பன்கொடி’ எழுதிய கை அவர்களையும் எழுத வேண்டும் என்று கேட்க வாசகனுக்கு உரிமை உண்டு.

அழகிய பெரியவனை இதுவரை படிக்காதவர்கள் ‘குறடு’ கதையிலிருந்து தொடங்குங்கள். பிறகு ‘தகப்பன்கொடி’. ‘வல்லிசை’யை அதன் குறைகளோடும் படியுங்கள், அது சொல்லும் வரலாறு வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.