பதின்மூன்று அடிக்கும் கடிகாரம்

பிலிப்பா பியர்ஸ் எழுதிய ‘டாம்ஸ் மிட்நைட் கார்டன்’ 1958இல் வெளிவந்து, அந்த ஆண்டுக்கான கார்னகி பதக்கத்தைப் பெற்ற சிறுவர் நாவல். தம்பிக்குத் தட்டம்மை கண்டதால் டாம் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். பல குடித்தனங்களாகப் பிரிக்கப்பட்ட அந்தப் பழைய மாளிகையின் பின்புறம் இருப்பது குப்பைத்தொட்டிகள்தான். நடு இரவில் கூடத்துக் கடிகாரம் பதின்மூன்று முறை அடிக்கிறது. கதவைத் திறந்தால் பெரிய தோட்டம். விக்டோரியா காலத்து அநாதைச் சிறுமி ஹேட்டி அங்கே தோழியாகிறாள். யார் பேய் என்று இருவரும் சண்டையே போடுகிறார்கள்.

நாவலின் உச்சம் பனிச்சறுக்குக் காலணிகள். ஹேட்டி அவற்றை ஒளித்துவைப்பதாக வாக்களிக்கிறாள். பல பத்தாண்டுகள் கழிந்த தன் காலத்தில், அறையின் தரைப்பலகைக்கு அடியில் டாம் அவற்றைக் கண்டெடுக்கிறான். பிறகு உறைந்த ஆற்றில் இருவரும் ஒரே ஜோடிக் காலணியில் ஒரே நேரத்தில் சறுக்குகிறார்கள்! ஆனால் ஹேட்டி வளர்கிறாள், டாம் வளரவில்லை. இழப்பை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன சிறுவர் கதைகள் குறைவு. நாவலின் தோட்டத்துக்குத் தம் தந்தையின் ஆலைவீட்டுத் தோட்டத்தையே பியர்ஸ் மாதிரியாகக் கொண்டார்.

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் வீவக அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு டாமின் ஏக்கம் எளிதில் புரியும். தாத்தா பாட்டி பேசும் கம்பத்து வீடுகள் இன்றில்லை. அந்தப் பக்கம் 2011இல் ரயில் நின்றுபோன தடமும் நடைபாதையாகிவிட்டது. பத்து வயதுப் பிள்ளையுடன் பெற்றோரும் சேர்ந்து படிக்க வேண்டிய நாவல் இது.